அருகில் நின்று பழகியவர்கள்

நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, விடுதி நினைவுகளைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். விடுதியின் பருப்புக் கறியைப் பற்றியும், விளக்கணைத்த பின் போர்வைக்குள் எரிந்த ரோர்ச் லைட்டுகளைப் பற்றியும் எங்களைவிடச் சுவையாக எழுதக்கூடிய சகோதரிகள் இருக்கிறார்கள். அதை அவர்களிடம் விட்டுவிடுகிறோம். புல்மோட்டை வீதியால் வந்து சேர்ந்த பிள்ளைகள் நாங்கள். நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய் என்று எங்கள் ஊர்களை வரிசையாகச் சொல்லலாம். எங்களுக்கு எழுதத் தோன்றியது வேறொன்று. இன்று செய்யும் தொழிலுக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம்? எங்களுக்கு முன்னிருந்தவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? இப்போது பத்தாம், பதினோராம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எப்படி வந்து சேரப்போகிறார்கள்?

குச்சவெளியில் நாங்கள் சிறுமிகளாக இருந்த காலத்தில் சம்பளத்துக்கு வேலை செய்த பெண்கள் என்று நாங்கள் கண்ணால் கண்டவர்கள் மூன்று வகையினர்தாம்: ரீச்சர், வைத்தியசாலை மிஸ்ஸி, வீடு வீடாக வந்து கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கும் மருத்துவிச்சி. ஆண்களில் கடற்றொழில் செய்பவர்கள், வயல் செய்பவர்கள், கிராம சேவகர், தபாலதிபர், புல்மோட்டை மணல் கூட்டுத்தாபனத்தில் வேலை கிடைத்த அதிர்ஷ்டசாலிகள். உலகத்தில் உள்ள தொழில்கள் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம். படிக்கக்கூடிய பிள்ளை என்றால் டொக்டர் அல்லது இஞ்சினியர். ஏனென்று யாரும் கேட்டதில்லை. தமிழ்ப் பாடத்தில் ‘நான் ஒரு வைத்தியரானால்’ என்று கட்டுரை எழுதினோம். ‘நான் ஓர் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரானால்’ என்று எழுதச் சொன்ன ரீச்சர் ஒருவரும் இல்லை. அப்படியொரு தொழில் இருப்பது அவருக்கே தெரிந்திருந்ததோ என்னவோ.

புல்மோட்டை மணலையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் தொடங்கப்பட்டது. எங்கள் கரையின் கறுப்பு மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் பிரித்தெடுக்கப்பட்டுக் கப்பலேறுகின்றன. இல்மனைட்டிலிருந்து கிடைக்கும் டைட்டானியம் டைஒக்சைட் வெள்ளைப் பெயின்றுக்குப் போகிறது. நாங்கள் நோயாளருக்கு எழுதிக் கொடுக்கும் எத்தனையோ மாத்திரைகளின் வெள்ளைப் பூச்சிலும் அது இருக்கிறது. அந்த மணலில் கால் புதைய நடந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இரசாயனவியல் வகுப்பில் டைட்டானியத்தை ஆவர்த்தன அட்டவணையில் மனப்பாடம் செய்தோம். இரண்டும் ஒன்றென்று அறிந்தது மருத்துவபீடத்துக்குப் போன பிறகுதான்.

பழைய காலத்தில் நிலைமை இப்படியிருக்கவில்லை என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். தமிழர் கல்வியில், அருகில் நின்று பழகுவது மிகப் பழைய வழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பான். 1789இல் சென்னையில் படைவீரரின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம்மவர் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் நடைமுறைப்படுத்தி, 1797இல் இலண்டனில் அதைப்பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளெங்கும் பரவியது. நம் திண்ணையிலிருந்து போனது பின்னர் மிஷனரிமாரின் கையால் புதுமைபோல நமக்கே திரும்பி வந்தது. இப்போது ‘மென்ரரிங்’ என்ற பெயரில் மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. வரட்டும், நல்லதுதான்.

தொழில் பழகுவதைப் பொறுத்தவரை, எங்கள் துறையில் முதலில் சொல்லவேண்டிய பெயர் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 1870இல்தான் என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். கிறீனின் மாணவர்கள் புத்தகத்தை மட்டும் படித்தவர்கள் அல்லர். மருந்து கலக்கினார்கள், கட்டுப்போட்டார்கள், நோயாளியின் தலைமாட்டில் அவரோடு நின்றார்கள். 1864 முதல் அவர் தமிழிலேயே கற்பித்தார். தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கவும் மொழிபெயர்க்கவும் தம் மாணவர்களையே துணைசேர்த்துக்கொண்டார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்று வெளியேறினார்கள். அத்தனை பேரும் ஆண்கள். பிரசவ மருத்துவம் கற்றவர்களும் ஆண்களே! இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

பெண்களுக்கு அந்தக் கதவு மெதுவாகத் திறந்தது. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் 1892இல் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் வைத்தியசாலை தொடங்கிற்று. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணின் உழைப்பு முதலில் வீட்டுப் படலையைத் திறந்தது மருத்துவிச்சியின் உருவில்தான் என்றே நாங்கள் நினைக்கிறோம். 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டபின், பயிற்றப்பட்ட மருத்துவிச்சி ஒரு குறிப்பிட்ட பிரதேசத்துக்குப் பொறுப்பாக இருக்கும் முறை படிப்படியாக நாடெங்கும் பரவியது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்று அழைக்கப்படும் இவர்கள் வைத்தியசாலையிலும் பின்னர் வெளிக்களத்திலும், அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் நின்றே தொழிலைப் பழகுகிறார்கள். வைத்தியர்களாகிய எங்களுக்கும் அதே கதைதான். இறுதிப் பரீட்சையில் எத்தனை புள்ளி எடுத்தாலும், ஒரு வருட உள்ளகப் பயிற்சி முடிக்காமல் எங்களை ஒருவரும் முழு வைத்தியராக ஏற்கமாட்டார்கள். முதல் இரவுக் கடமையில் கையுறை போடத் தடுமாறியபோது, ‘மிஸ், இப்பிடிப் பிடியுங்கோ’ என்று மெல்லச் சொல்லித் தந்தவர் ஒரு மூத்த தாதி. அந்த ஆறு மாதத்தில் அவரிடம் கற்றதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராது.

பாடசாலைக்குள்ளேயே தொழிலைக் கொண்டுவர இலங்கையில் முயற்சி நடக்காமலில்லை. கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா, 1932இல் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டமொன்றைத் தொடங்கினார். பிள்ளை வாழும் ஊரையும் அங்குள்ள தொழில்களையும் சுற்றிப் பாடங்கள் அமையவேண்டும் என்பது அதன் அடிப்படை. பிற பாடசாலைகளுக்கும் அது பரவிற்று, ஆனால் நிலைக்கவில்லை. பெற்றோர் கேட்டது ஆங்கிலக் கல்வியை. இலவசக் கல்வியின் தந்தை என்று நாம் போற்றும் அதே கன்னங்கரா பின்னர் கட்டியெழுப்பிய மத்திய கல்லூரிகளுக்கே அவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பத் துடித்தார்கள்.

இரண்டாவது பெரிய முயற்சி 1972இல் வந்தது. முந்திய வருடத்து இளைஞர் கிளர்ச்சி நாட்டை உலுக்கியிருந்தது. டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, படித்த இளைஞர் எதிர்பார்க்கும் வேலையும் நாட்டில் இருக்கும் வேலையும் பொருந்தவில்லை என்று 1971இல் அறிக்கை தந்திருந்தது. எனவே புதிய கல்விச் சீர்திருத்தத்தில் ‘தொழில் முன்னிலைப் பாடங்கள்’ சேர்க்கப்பட்டன. விவசாயம், மீன்பிடி, மரவேலை, நெசவு என்று பிரதேசத்துக்கேற்ற தொழிலொன்றைப் பிள்ளை படிக்கவேண்டும். 1977இல் ஆட்சி மாறியது. அந்தப் பாடங்களும் போயின. எங்கள் அம்மாமார் படித்த காலம் அது. அவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் சிரிக்கிறார்கள். கடற்கரைப் பிள்ளைக்கு வலை பின்னக் கற்பிக்கப் பாடசாலை எதற்கு? தகப்பன் கற்பிப்பானே! கற்பிக்கப் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் போதாது, கருவிகள் போதாது என்பன ஒரு புறம். அவற்றைவிடப் பெரிய காரணம் தமிழ்ப் பெற்றோரின் மனதில் இருந்த பயம் என்பது எங்கள் எண்ணம். சாதித்தொழிலிலிருந்து பிள்ளையைத் தப்புவிக்கத்தானே பாடசாலைக்கு அனுப்பினோம், அங்கேயும் அதே தொழிலா என்று அவர்கள் நினைத்தார்கள். அதில் நியாயம் இருந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தையலும் மனையியலும்தான் என்று அம்மாமார் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது எந்தப் புதிய கதவையும் காட்டவில்லை.

பிலிப் ஃபொஸ்டர் என்ற ஆய்வாளர் 1965இலேயே ஆபிரிக்காவின் கானாவை வைத்து இதை எழுதியிருந்தார். பாடத்திட்டத்தை மாற்றிப் பிள்ளைகளின் தொழில் ஆசையை மாற்ற முடியாது. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு சம்பளமும் மதிப்பும் கிடைக்கின்றன என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தே முடிவெடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். நாங்கள் இதோடு ஒன்றைச் சேர்ப்போம். கண்ணால் பார்க்காத தொழிலைப் பற்றி முடிவெடுக்கவே முடியாது.

எங்கள் கதைக்குத் திரும்புவோம். 1985இலும் 1990இலும் எங்கள் ஊர்கள் இடம்பெயர்ந்தன. புத்தகமும் இல்லை, சீருடையும் இல்லை, சிலருக்கு அப்பாவும் இல்லை. விடுதியில் எங்களைச் சேர்த்துக்கொண்ட அதிபருக்கும் ரீச்சர்மாருக்கும் எந்த மலரில் நன்றி எழுதினாலும் போதாது. உயர்தரத்துக்கு வந்தபோது, கணக்கும் விஞ்ஞானமும் ஓரளவு வந்த பிள்ளைகள் எல்லோரும் உயிரியல் பிரிவில் உட்கார்ந்தோம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. 1974இல் தொடங்கிய மாவட்டப் பங்கீட்டைப் பற்றித் தமிழரிடையே எத்தனையோ கசப்பு உண்டு. அதற்கான காரணங்களும் உண்மையானவை. ஆனால் அந்தக் கதவால் நுழைந்தவர்கள்தாம் நாங்கள். அதை மறைப்பது அழகல்ல.

கதவுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றியே இப்போது யோசிக்கிறோம். எங்கள் வகுப்பில் படம் கீறுவதில் ஒருத்திக்கு நிகரில்லை. தவளையின் குருதிச் சுற்றோட்டத்தை அவள் கரும்பலகையில் கீறினால் ரீச்சர் அதை அழிக்க விடமாட்டார். மூன்று தடவையும் பரீட்சை எழுதினாள். மூன்று தடவையும் மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதவில்லை. கட்டட வரைபடக் கலைஞர் என்றொரு தொழில் இருக்கிறது, அதற்கு இந்தக் கை போதும் என்று அந்தப் பதினாறு வயதில் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. அவள் பிறகு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

புலம்பெயர்ந்த சகோதரிகள் இதை வாசிக்கும்போது தங்கள் பிள்ளைகளை ஒருகணம் நினைத்துப் பார்க்கவேண்டும். ஒன்ராறியோவில் பிள்ளை உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறுவதற்கு 40 மணித்தியாலச் சமூக சேவை செய்தாக வேண்டும். விரும்பினால் ஒரு தவணையின் பெரும்பகுதியை ஒரு வேலைத்தலத்திலேயே கழித்துப் பாடப்புள்ளியும் பெறலாம். பின்லாந்தில் ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள் பிள்ளைகள் சில நாட்கள் வேலைத்தலமொன்றில் நின்று பழகுகிறார்கள். எங்களை அதிகம் கவர்ந்தது யப்பானின் ஹியோகோ மாகாணம். 1995இல் பெரும் பூமியதிர்ச்சி கோபே நகரை அழித்தது. 1998 முதல் அந்த மாகாணத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் ஐந்து நாட்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தம் ஊரின் கடைகளிலும் பண்ணைகளிலும் தீயணைப்பு நிலையங்களிலும் நிற்கிறார்கள். அழிவுக்குப் பின் ஒரு ஊர் தன் பிள்ளைகளுக்குத் தன்னையே திறந்து காட்டியது. 2004 மார்கழி 26இல் கடல் எங்கள் கரைக்கு வந்து போனபின் வீடுகள் கட்டித் தந்தார்கள், வள்ளங்கள் தந்தார்கள். இப்படி ஒன்று செய்யலாம் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அரசாங்கம் 2017இல் ‘13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வி’ என்ற திட்டத்தை முதற்கட்டமாக 42 பாடசாலைகளில் தொடங்கியது. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் பாடசாலையிலேயே தொடர்ந்திருந்து, 26 தொழிற்பாடங்களிலிருந்து தெரிவு செய்து, பயிற்சித் தலத்தில் பழகி, தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டம் வரை போகலாம். நல்ல திட்டம். ஆனால் 1972இல் ஒட்டிய அதே முத்திரையை இதன்மேலும் ஒட்டிவிட்டோம்: சித்தியடையாதவர்களுக்கானது. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் தொழிலைக் கண்ணால் பார்க்கும் உரிமை உண்டு என்பதை யாரும் பேசுவதில்லை. உயிரியல் பிரிவுக்குப் போகும் பிள்ளை ஒரு வைத்தியசாலையின் உட்புறத்தை நோயாளியாக மட்டுமே பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் எங்களில் சிலர், சாதாரண தரப் பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையிலுள்ள அந்த நீண்ட சும்மா இருக்கும் காலத்தைக் குறிவைத்தோம். குச்சவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேர், இரண்டு வாரம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டிருப்பதால் பதினாறு நிரம்பியவர்களையே சேர்த்தோம். இது வேலை அல்ல, பார்த்துப் பழகுவது, சம்பளமும் இல்லை என்று பெற்றோருக்கு எழுத்தில் கொடுத்தோம். கொடுத்தும், ‘சும்மா வேலை வாங்கப் பார்க்கிறீங்களோ?’ என்று ஒரு தாய் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான்.

முதல் தடவை நன்றாக நடக்கவில்லை. ஒரு காரியாலயத்தில் இரண்டு பிள்ளைகளைத் தேநீர் கொண்டுவரவும் போட்டோக்கொப்பி எடுக்கவும் விட்டார்கள். குற்றம் எங்களுடையதே. பொறுப்பாக நிற்கும் ஒருவரை முன்கூட்டியே தெரிவு செய்து, என்ன காட்டவேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து பேசாமல், கடிதமொன்றோடு பிள்ளைகளை அனுப்பிவிட்டோம். இன்னொரு பிள்ளை மூன்றாம் நாள் நின்றுவிட்டாள். தாய் குவைத்தில்; தம்பியைப் பார்க்க வீட்டில் வேறு ஆளில்லை. அவளுக்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகளை விடுதிகளுக்குள் விடவில்லை. நோயாளரின் அந்தரங்கம் பெரிது. மருந்தாளர், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், கதிர்ப்படப் பிடிப்பாளர், இயன்மருத்துவர் என்று ஒவ்வொருவரோடும் இரண்டு நாள் நிற்கவைத்தோம். வைத்தியரோடு அரை நாள் போதும் என்று வேண்டுமென்றே வைத்தோம். ஒரு பிள்ளை இரத்தத்தைக் கண்டதும் வெளிறிப்போய் வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரம் முடிய, ‘அக்கா, நான் கணிதப் பிரிவுக்குப் போறன்’ என்றாள். தகப்பனுக்கு ஏமாற்றம். எங்களுக்கோ அந்த இரண்டு வாரத்தில் கிடைத்த மிகப்பெரிய இலாபம் அதுதான். மூன்று பரீட்சைகளும் நான்கு வருடங்களும் ஒரு வாங்கில் மிச்சமாயின.

அடுத்த சுற்றுக்கு இடம் தேடும்போது மலைப்பாக இருக்கவில்லை. நிலாவெளியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. சித்த மருத்துவமும் அங்கேதான். சீனன்குடாவில் பிறிமா மாவாலை, டோக்கியோ சீமெந்து ஆலை. புல்மோட்டையில் மணல். பிரதேச செயலகம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, வங்கிகள், கடற்கரை நெடுகிலும் விடுதிகள். இந்த இடங்களில் எல்லாம் நம் பழைய மாணவி ஒருத்தியோ, அவளுடைய சகோதரமோ நிச்சயம் இருப்பார்கள். வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகள் பணம் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் தேவை, மறுக்கமாட்டோம். அதைவிடத் தேவையானது மாதம் ஒருமுறை அரை மணித்தியாலம். ஒரு பிள்ளைக்கு ஒரு அக்கா என்று பெயர் குறித்து, வட்ஸ்அப்பில் பேசவேண்டும். அறிவுரை வேண்டாம். காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், வேலையில் என்ன செய்கிறீர்கள், எது பிடிக்காது என்று உள்ளதைச் சொன்னால் போதும். பிள்ளை தனியாகப் பேசாமல், வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கப் பேசுவது என்றும் விதி வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண்பது பக்கக் கொப்பி கொடுத்து, அன்றன்று கண்டதை எழுதச் சொன்னோம். குடும்பநல உத்தியோகத்தரோடு ஒரு நாள் வெளிக்களத்துக்குப் போன பிள்ளையின் கொப்பி இப்போது எங்கள் மேசையில் இருக்கிறது. எத்தனை வீடு போனார்கள், எந்தக் குழந்தையின் நிறை கூடவில்லை, எந்த வளவில் நாய் துரத்தியது எல்லாம் எழுதியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அடிக்கோடிட்டு ஒரு கேள்வி: மோட்டார்சைக்கிள் லைசன்ஸ் எடுக்க எத்தனை வயது, பழகப் பெண் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார்கள்?

அந்த உத்தியோகத்தரிடமே கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.